கொல்கத்தா பார்க் தெருக் கல்லறைத் தோட்டம்: குமரி மாவட்டத்திலிருந்து போகிறவர்களுக்காக ஒரு மதிப்புரை

குமரி மாவட்டத்திலிருந்து கொல்கத்தாவுக்குப் போகிறவர்களின் பட்டியல் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். பேலூர் மடம், தட்சிணேசுவரம், காளிகாட், விக்டோரியா நினைவு மண்டபம், ஹவுரா பாலம், நேரம் மிஞ்சினால் விவேகானந்தர் பிறந்த வீடு. விவேகானந்தர் பாறையைக் காண வங்காளத்திலிருந்து வருகிறவர்களை நம்பிக் கன்னியாகுமரியில் விடுதிக்காரர்கள் வங்காள எழுத்தில் பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள். ஹவுராவுக்கு வாராந்திர விரைவு ரயிலும் நம் முனையிலிருந்தே புறப்படுகிறது. இவ்வளவு போக்குவரத்து இருந்தும், பார்க் தெருவின் கிழக்குக் கோடியில், மல்லிக் பஜார் சந்திப்பை ஒட்டி இருக்கும் பழைய ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்திற்கு நம் ஊர்க்காரர்கள் போவது அபூர்வம். கல்லறையைப் போய்ச் சுற்றிப் பார்ப்பதா என்ற கூச்சம் ஒரு காரணம். போய்வந்தவர்கள் சொல்லக் கேட்டதில்லை என்பது இன்னொரு காரணம். அரை நாளை ஒதுக்கிப் பார்க்கத் தகுந்த இடம் அது என்பது என் முடிவு. ஆனால் தயாரிப்பு இல்லாமல் போனால் கால்வலியும் கொசுக்கடியுமே மிஞ்சும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தெற்குப் பார்க் தெருக் கல்லறைத் தோட்டம் 1767-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு ஆங்கிலேயர்கள் தங்களுள் இறந்தவர்களை ஆற்றங்கரைக் கோட்டைக்கு அருகில், இன்று புனித யோவான் ஆலயம் நிற்கும் வளாகத்தில் அடக்கம் செய்துவந்தார்கள். அங்கே இடம் போதாமல் ஆனபோது, அக்காலத்தில் ஊருக்கு வெளியே இருந்த இந்த நிலம் தேர்ந்தெடுக்கப்பட்டது. இதற்கு வந்த சாலைக்கு அடக்கநிலச் சாலை என்றே பெயர் இருந்தது. ஹேஸ்டிங்ஸ் மீது ஊழல் புகார் சொன்ன வங்காள அதிகாரி நந்தகுமாருக்குத் தூக்குத்தண்டனை விதித்த தலைமை நீதிபதி இலைஜா இம்பேயின் மான் பூங்கா அந்த வழியில் அமைந்ததால் பின்னர் அது பார்க் தெரு ஆயிற்று. இப்போது அரசு ஆவணங்களில் அது அன்னை தெரசா சரணி. வாடகைக் காரில் ஏறிப் பார்க் தெரு என்று சொன்னால்தான் கொண்டுபோய் விடுவார்கள். சுமார் எட்டு ஏக்கர் பரப்பு, ஏறத்தாழ 1,600 கல்லறைகள், 1830-களோடு ஓய்ந்துபோன அடக்கங்கள் என்று இதன் கணக்கைச் சுருக்கிவிடலாம். சாலைக்கு எதிர்ப்புறம் வடக்குத் தோட்டம் ஒன்றும் இருந்தது. நாவலாசிரியர் தாக்கரேயின் தந்தை ரிச்மண்ட் தாக்கரே 1815-இல் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். சுதந்திரத்திற்குப் பிறகு அந்தத் தோட்டம் அகற்றப்பட்டது; அந்த நிலத்தில் இன்று பள்ளியும் மருத்துவமனையும் நடக்கின்றன. தெற்குத் தோட்டம் தப்பியதற்கு 1970-களில் தொடங்கிய பாதுகாப்பு முயற்சிகள் முக்கியக் காரணம். கொல்கத்தாவின் கிறிஸ்தவ அடக்க வாரியம் இதை நிர்வகிக்கிறது.

நம் மாவட்டத்தில் கல்லறைத் தோட்டம் என்றதும் கண்முன் வருவது, சிமென்ட் பூசி டைல்ஸ் ஒட்டி, தலைமாட்டில் சிலுவையும் புகைப்படமும் வைத்த இடுப்பளவு மேடைகளின் வரிசை. இங்கே நுழைந்தவுடன் அந்த எதிர்பார்ப்பு உடைந்துவிடும். இவை மேடைகள் அல்ல, கட்டடங்கள். இரண்டு மாடி உயரத்திற்கு எழும் நாற்கரக் கூம்புகள், எகிப்திய பிரமிடுகள், மேலே போகப்போகக் குறுகும் ஒற்றைத் தூண்கள், தூண்கள் தாங்கும் குவிமாட மண்டபங்கள், ரோமானியக் கோயிலின் முகப்பைச் சுருக்கி வைத்தாற்போன்ற அமைப்புகள் ஆகியவை நடைபாதைகளின் இருபுறமும் நெருக்கியடித்து நிற்கின்றன. சிலுவையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயர் சாவிலும் கிரேக்க ரோமானியப் பாணியையே நாடினார்கள். அருகில் போய்ப் பார்த்தால் இந்தக் கம்பீரத்தின் உள்ளடக்கம் தெரியும். கல் என்று தோன்றுவதெல்லாம் மெல்லிய செங்கல்லை அடுக்கி மேலே சுண்ணாம்புக் காரை பூசியதுதான். காரை உரிந்த இடத்தில் செங்கல் சிவந்து தெரிகிறது. விரிசலில் அரசங்கன்று வேர்விட்டிருக்கிறது. நிழல் விழும் பக்கம் முழுவதும் பாசியும் பெரணியும். பெயர் பொறித்த பளிங்குப் பலகை மட்டும் தனியாகச் செய்து பதிக்கப்பட்டது. பலகை போய்விட்ட கல்லறைகளில் அது இருந்த சதுரப் பள்ளம் மட்டுமே இருக்கிறது. அத்தகைய கல்லறை எவ்வளவு உயரமானதாக இருந்தாலும் யாருடையது என்று சொல்ல வழியில்லை.

இத்தனை பெரிய கல்லறைகள் ஏன் என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் உண்டு. முதலாவது, சாவு. மலேரியா, காலரா, சீதபேதி ஆகிய மூன்றும் கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர்களை வந்த வேகத்திலேயே வாரிக்கொண்டு போயின. ஒரு வெள்ளைக்காரரின் ஆயுள் இரண்டு மழைக்காலம் என்று அவர்களுக்குள்ளேயே சொல்லிக்கொண்டார்கள். பலகைகளில் உள்ள வயதுகளைப் படித்துக்கொண்டே நடந்தால் அது மிகையான பேச்சு அல்ல என்பது புரிந்துவிடும். காரணம் அவர்களுக்குத் தெரியவில்லை. சதுப்பு நிலத்தின் கெட்ட காற்றைக் குற்றம் சொன்னார்கள். மலேரியா கொசுவின் வழியாகப் பரவுவதை ரொனால்டு ராஸ் 1897, 1898 ஆண்டுகளில் செகந்திராபாத்திலும் இதே கொல்கத்தாவிலும் நடத்திய ஆய்வுகளால் நிறுவியபோது, இந்தத் தோட்டம் ஓய்ந்து அறுபது ஆண்டுகள் கடந்திருந்தன.

இரண்டாவது விடை, பணம். தோட்டத்திலேயே உயரமான பிரமிடு எலிசபெத் பார்வெல் என்ற பெண்ணுடையது. அவருடைய கணவர் ரிச்சர்டு பார்வெல், கம்பெனியின் தலைமை ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸின் ஆட்சிக்குழுவில் உறுப்பினர். பெருஞ்செல்வத்தோடு இங்கிலாந்துக்குத் திரும்பியவர். அந்தச் செல்வம் எங்கிருந்து வந்தது என்று எந்தப் பளிங்குப் பலகையும் சொல்லாது. இந்தத் தோட்டம் திறந்து மூன்று ஆண்டுகளில், 1770-இல், வங்காளத்தைப் பெரும்பஞ்சம் தாக்கியது. மாகாணத்தின் மக்களில் மூன்றில் ஒரு பங்காவது மாண்டிருப்பார்கள் என்று 1772-இல் ஹேஸ்டிங்ஸே லண்டனுக்கு எழுதினார். அதே கடிதத்தில், பஞ்சத்திற்கு முந்தைய 1768-ஆம் ஆண்டைவிட 1771-இல் நிலவரி வசூல் கூடுதல் என்பதையும் தெரிவித்தார். பஞ்சத்தில் இறந்தவர்களுக்கு ஒரு செங்கல்கூட இல்லை. அவர்களிடமிருந்து திரட்டிய வரியில் சம்பளம் வாங்கியவர்களுக்கு இங்கே இரண்டு மாடி உயரத்தில் நினைவிடம். இதை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் இந்தத் தோட்டத்தின் அழகை மட்டும் புகழ்வது பாதி உண்மைதான். வலைத்தளங்களில் வரும் பெரும்பாலான பாராட்டுரைகள் அந்தப் பாதியோடு நின்றுவிடுகின்றன.

நம் மாவட்டத்துக்காரர் ஒருவர் இங்கே கட்டாயம் தேட வேண்டிய பெயர் சர் ஜான் கிளாவரிங். ஆட்சிக்குழுவில் ஹேஸ்டிங்ஸுக்கு எதிரணியின் தலைவர். பார்வெலோடு அவருக்கு இருந்த பகை துப்பாக்கிச் சண்டை வரை போனது. கம்பெனிப் படைகளின் தலைமைத் தளபதியாக 1774-இல் வந்திறங்கியவர், மூன்று ஆண்டு நிறைவதற்குள் 1777 ஆகஸ்டு 30 அன்று இறந்து இங்கே புதைக்கப்பட்டார். அதே 1777-ஆம் ஆண்டு ஜூன் 1 அன்று, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் இறந்தவர் திருவிதாங்கூர்ப் படைகளின் தளபதி டி லனாய். மூன்று மாத இடைவெளியில் இந்தியாவில் இறந்த இரண்டு ஐரோப்பியத் தளபதிகள். ஆனால் இரண்டு கல்லறைகளுக்கும் உள்ள தூரம் வரைபடத்தில் காட்டுவதைவிட அதிகம்.

டி லனாய் 1741-இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுக் கம்பெனி அதிகாரி. சிறைக்கைதியாக வந்தவர், அரசரின் படையை ஐரோப்பிய முறையில் பயிற்றுவித்து, உதயகிரியில் வார்ப்படச்சாலை நடத்தி, மக்கள் வாயில் வலிய கப்பித்தான் ஆனார். கூரை போய்ச் சுவர் மட்டும் நிற்கும் கோட்டைச் சிற்றாலயத்தில், மனைவி, மகன் ஆகியோரின் கல்லறைகளுக்குப் பக்கத்தில் அவருடைய கல் இருக்கிறது. தரையோடு படிந்த கல். பிரமிடும் இல்லை, தூணும் இல்லை. வழிப்போக்கனே, நில் என்று தொடங்கும் லத்தீன் வாசகம், அவர் ஏறத்தாழ 37 ஆண்டுகள் அரசருக்குப் பணிபுரிந்ததையும், காயங்குளம் முதல் கொச்சி வரையுள்ள நாடுகளை அரசருக்கு அடக்கித் தந்ததையும், 62 ஆண்டு ஐந்து மாதம் வாழ்ந்ததையும் சொல்லி முடிகிறது. கல்லில் தமிழும் உண்டு. பார்க் தெருவில் நான் படித்த பலகைகளில் பெரும்பாலானவை, இறந்தவர் இங்கிலாந்தில் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்று இங்கிலாந்துக்காரருக்குச் சொல்பவை. உதயகிரிக் கல்லோ தக்கலைச் சந்தைக்குப் போகிறவருக்கும் சேர்த்து எழுதப்பட்டது. கொல்கத்தாவைப் பார்த்த பிறகு உதயகிரிக்கு மறுபடி போனால், இவ்வளவு நாள் மானையும் மரத்தையும் பார்த்துவிட்டு இந்தக் கல்லைக் கடந்து போயிருக்கிறோமே என்று தோன்றும்.

இனித் தமிழ் படிக்கிறவர்களுக்கு இங்கே உள்ள மிக முக்கியமான கல்லறைக்கு வருகிறேன். வானை நோக்கி ஊசிபோல உயரும் அந்தத் தூண், 1794-இல் இறந்த சர் வில்லியம் ஜோன்ஸுடையது. கல்கத்தாவில் அக்காலத்தில் இருந்த உச்ச நீதிமன்றத்துக்கு நீதிபதியாக வந்தவர். 1784-இல் ஆசியக் கழகத்தை நிறுவினார். 1786-இல் நிகழ்த்திய உரையில், சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்திலிருந்து பிறந்திருக்க வேண்டும் என்று சொன்னார். ஒப்பியல் மொழியியல் அந்த உரையிலிருந்து கிளைத்தது என்பார்கள். கல்லறை வாசகத்தை அவரே எழுதி வைத்திருந்தார். கடவுளுக்கு அஞ்சியவன், சாவுக்கு அஞ்சாதவன் என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட வாசகம் அது. ஜோன்ஸுக்குப் பிறகு இந்திய மொழிகள் எல்லாமே சமஸ்கிருதத்தின் பிள்ளைகள் என்ற கருத்து கொல்கத்தாவில் வேரூன்றியது. அதை மறுத்து, தமிழும் தெலுங்கும் கன்னடமும் தனிக்குடும்பம் என்று 1816-இல் சென்னையிலிருந்து நிறுவியவர் கம்பெனி அதிகாரி எல்லிஸ். அவர் 1819-இல் இராமநாதபுரத்தில் இறந்தார். 1856-இல் அதை முழு இலக்கணமாக விரித்தவர் கால்டுவெல். அவர் நம் மாவட்ட எல்லையைத் தாண்டியதும் வரும் இடையன்குடியில், தாம் கட்டிய ஆலயத்திலேயே அடங்கியிருக்கிறார். இடையன்குடியைப் பார்த்தவர்களுக்கு ஜோன்ஸின் தூண் ஒரு நீண்ட வழக்கில் எதிர்த்தரப்பின் முதல் ஆவணம் போலத் தெரியும். தமிழ் ஆசிரியர்கள் குழுவாகக் கொல்கத்தாவுக்குப் போவதாக இருந்தால், மற்றவற்றை விட்டாலும் இதை விடக்கூடாது.

அடுத்து நின்று பார்க்க வேண்டியது சார்லஸ் ஸ்டூவர்ட்டின் கல்லறை. அயர்லாந்துக்காரர், கம்பெனிப் படையில் மேஜர் ஜெனரல். நாள்தோறும் கங்கையில் நீராடி, தெய்வச் சிலைகளைத் திரட்டி வாழ்ந்ததால் இந்து ஸ்டூவர்ட் என்று பெயர் வாங்கியவர். 1828-இல் இறந்தார். கிரேக்கப் பாணி நிரம்பிய தோட்டத்தில் அவருடையது மட்டும் இந்துக் கோயிலின் வடிவில் வாயிற்சிற்பங்களோடு நிற்கிறது. தேர்ந்த கைகள் செதுக்கிய வேலை என்று சொல்ல முடியாது; மயிலாடிச் சிற்பிகளின் பட்டறைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அளவுகள் கொஞ்சம் இடறும். ஆனாலும் அந்த மனிதரின் பிடிவாதம் அதில் தெரிகிறது. அவர் திரட்டிய சிலைகளில் பெரும்பகுதி பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்குப் போய்ச் சேர்ந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. பக்தியும் திரட்டலும் அந்தக் காலத்தில் ஒரே வீட்டில் குடியிருந்தன. 1787-இல் சிப்பூர்த் தாவரவியல் தோட்டத்தைத் தொடங்கிய ராபர்ட் கிட்டும் இங்கேதான் இருக்கிறார். ஆலமரத்தைப் பார்க்கச் சிப்பூருக்குப் போகிறவர்கள் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

ரோஸ் எய்ல்மர் என்ற இருபது வயதுப் பெண்ணின் கல்லறையை எல்லா வழிகாட்டிகளும் காட்டுவார்கள். முறுக்கிவிட்டாற்போலச் சுழன்று மேலே போகும் தூண் அது. 1800-இல் இறந்தார், அவர்மேல் அன்பு கொண்டிருந்த கவிஞர் வால்டர் சாவேஜ் லாண்டர் எழுதிய இரங்கற்பா கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ளது. அன்னாசிப்பழத்தை அளவுக்கு மீறித் தின்றதால் வந்த வயிற்றுப்போக்கே காரணம் என்ற கதை அந்தக் காலத்திலேயே பரவியிருந்தது. ரப்பர் தோட்டத்தில் ஊடுபயிராகக் கைதச்சக்கை என்ற அன்னாசியை விளைவித்துச் சிறுவயது முதல் தின்று வளர்ந்த கல்குளம், விளவங்கோடு வட்டாரத்தார் இதை நம்பமாட்டார்கள். காலராவுக்குத்தான் பழத்தின் பெயரைச் சூட்டியிருப்பார்கள் என்பது என் ஊகம். சுவையான தொடர்பு வேறு ஒன்று உண்டு. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் தம் மகனுக்கு அதே கவிஞரின் பெயரைச் சேர்த்து வால்டர் லாண்டர் டிக்கன்ஸ் என்று பெயரிட்டார்; ராணுவத்தில் சேர்ந்த அந்த மகன் 1863-இன் கடைசி நாளில் கொல்கத்தா ராணுவ மருத்துவமனையில் 22 வயதில் இறந்தார். பவானிப்பூரில் இருந்த அவருடைய கல்லறைக் கல் பிற்காலத்தில் இந்தத் தோட்டத்திற்குக் கொண்டுவரப்பட்டது. உடல் இங்கே இல்லை, கல் மட்டுமே.

டெரோசியோவும் 22 வயதுக்காரர்தான். போர்த்துக்கீசிய வழிவந்த கலப்புக் குடும்பத்தில் 1809-இல் பிறந்து, பதின்வயதிலேயே இந்துக் கல்லூரியில் ஆசிரியராகி, எதையும் கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுத்ததற்காக 1831-இல் வேலையை இழந்து, அதே ஆண்டு டிசம்பரில் காலராவில் இறந்தார். இந்தியாவைத் தன் தாய்நாடு என்று அழைத்து ஆங்கிலத்தில் கவிதை எழுதிய முதல் தலைமுறைக் கவிஞர். அவருடைய மாணவர்கள் இளம் வங்காளம் என்ற பெயரில் பின்னர் அந்த மாகாணத்தின் பொதுவாழ்வையே கலக்கினார்கள். கம்பெனிப் பெருமான்களுக்கு நடுவே, கொல்கத்தா மக்கள் தம்முடையவர் என்று உரிமை கொண்டாடும் கல்லறை இது ஒன்றுதான் என்று சொன்னால் தவறாகாது.

சேவையைப் பற்றி. நுழைவுக் கட்டணம் சிறு தொகை. உள்ளே நிழல் தாராளம். வெளியே மல்லிக் பஜாரின் இரைச்சலுக்கும் உள்ளே இருக்கும் அமைதிக்கும் ஒரு மதில்தான் இடைவெளி. பாதைகள் ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டிச் செல்வதால் வழி தவறுவதற்கு வாய்ப்பில்லை. ஆனால் கல்லறைகள் எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில் இருப்பதால் தேடுவது எளிதல்ல. மேலே சொன்ன பெயர்களை ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதிக் கொண்டுபோய் வாயிலில் இருப்பவர்களிடம் காட்டிக் கேட்டுக்கொண்டு நடப்பதே நேரத்தை மிச்சப்படுத்தும். வாயிலருகே தாமாகவே வந்து உடன் நடக்கும் வழிகாட்டிகளை நம்பிப் போக வேண்டாம் என்பது என் அறிவுரை. எங்களோடு வந்த ஒருவர், பெயரற்ற ஒரு பெரிய கூம்பைக் காட்டி, கொல்கத்தாவை நிறுவிய ஜாப் சார்னாக் அதில்தான் கிடக்கிறார் என்று அடித்துச் சொன்னார். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, அது அவருடைய மருமகனாக இருக்கலாம் என்று இறங்கிவந்தார். பலகைகள் எல்லாம் பழைய ஆங்கிலத்தில், நீண்ட நீண்ட புகழுரைகளாக இருப்பதால், ஆங்கிலம் சரளமாக வராத பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் முன்கூட்டியே கதையைச் சொல்லிவைப்பது நல்லது. இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் வெளியே போகலாம் என்பார்கள்.

நவம்பர் 2-ஆம் தேதியைக் கணக்கு வைத்துப் போகலாமா என்று கேட்ட நண்பர் ஒருவருக்கு வேண்டாம் என்று சொன்னேன். நம் ஊரில் கல்லறைத் திருநாள் என்றால் முந்தின வாரமே வெள்ளையடிப்பு, தோவாளைச் சந்தையில் பூவின் விலையேற்றம், மாலையில் தோட்டம் முழுக்க மெழுகுவத்தி. அந்தக் காட்சியை எதிர்பார்த்துப் பார்க் தெருவுக்குப் போனால் ஏமாற்றம்தான். அங்கே கிடப்பவர்களின் வாரிசுகள் கடல் கடந்து போய்ப் பல தலைமுறைகள் ஆகிவிட்டன. இது வழிபாட்டில் இருக்கும் கல்லறைத் தோட்டம் அல்ல, ஊர் மாறிப்போன ஒரு காலத்தின் பதிவேடு. அந்த மனநிலையோடு போகிறவர்களுக்கே இது பயன்படும்.

உண்மையான ஜாப் சார்னாக்கைப் பார்க்க, அங்கிருந்து ஆளுநர் மாளிகைப் பக்கம் இருக்கும் புனித யோவான் ஆலய வளாகத்திற்குப் போக வேண்டும். பார்க் தெருத் தோட்டத்திற்கு இடம்கொடுத்து ஓய்ந்த அந்தப் பழைய அடக்கநிலத்தின் எச்சம் இங்கே இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒன்று முழுமையாகும்; நேரம் குறைவாக இருந்தால், குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இரண்டாவதையே நான் முதலில் சொல்வேன். காரணம் கல்.

சார்னாக் 1693 ஜனவரியில் இறந்தார். அவருடைய மருமகன் சார்லஸ் எய்ர் எழுப்பிய எண்கோண மண்டபத்திற்குள் இருக்கும் கல்லறைப் பலகை, வங்காளத்து வண்டல் மண்ணில் கிடைக்கக்கூடிய கல் அல்ல. சென்னைக்கு அருகிலுள்ள பல்லாவரத்துப் பகுதியிலிருந்து கப்பலில் வந்தது. இருநூறு ஆண்டுகள் கழித்து, 1890-களில், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த டி. எச். ஹாலண்ட் தென்னிந்தியப் பாறைகளை ஆராய்ந்தபோது, ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் கலந்த ஒருவகைக் கருங்கல்லுக்குப் பெயர் வைக்க வேண்டியிருந்தது. அந்தப் பலகையும் அதே வகைக் கல் என்பதால் சார்னாக்கின் பெயரால் அதைச் சார்னகைட் என்று அழைத்தார். உலகம் முழுவதும் புவியியல் நூல்களில் நிலைத்துவிட்ட பெயர் அது. புவியியலாளர்கள் நாகர்கோவில் சார்னகைட் தொகுதி என்று தனியாகவே பேசும் அளவுக்கு அந்தப் பாறை நம் மாவட்டத்தின் அடியில் பரந்து கிடக்கிறது. புதிதாக உடைத்த பரப்பில் நீலமும் பச்சையும் கலந்த சாயலோடு, எண்ணெய் தடவியதுபோல மங்கிய பளபளப்பு காட்டும் கருங்கல்லை நம் பகுதிக் கல்லுடைப்பு இடங்களில் பார்த்திருப்பவர்களுக்கு, சார்னாக்கின் பலகை முன்னால் நிற்கும்போது அது அந்நியமாகத் தோன்றாது. கல்கத்தாவை நிறுவியவர் என்ற சார்னாக்கின் பெருமையை 2003-இல் கல்கத்தா உயர் நீதிமன்றமே ஏற்க மறுத்துவிட்டது. பாறையின் பெயரை யாரும் மறுக்கவில்லை.

அதே மண்டபத்தில் வில்லியம் ஹாமில்டன் என்ற மருத்துவரின் கல்லும் உண்டு. மொகலாயப் பேரரசர் பரூக்சியரின் நோயைக் குணப்படுத்தியவர், 1717-இல் இறந்தார். அவருடைய கல்லில் பாரசீக வாசகமும் இருப்பதைக் கவனிக்க வேண்டும். டி லனாயின் கல்லைப் போல, பணிபுரிந்த நாட்டாரும் படிக்கட்டும் என்ற எண்ணம் கொல்கத்தாவின் தொடக்க காலத்தில் இருந்திருக்கிறது; பார்க் தெருவின் பிரமிடுகள் எழுந்த காலத்தில் அது வற்றிவிட்டது. வளாகத்தின் இன்னொரு மூலையில் பேகம் ஜான்சன் என்று பெயர் பெற்ற பிரான்சஸ் ஜான்சன் இருக்கிறார். 1725-இல் பிறந்து 1812-இல் இறந்தவர். இருபது வயதுகள் சாகும் ஊரில் எண்பத்தாறு வயது வரை வாழ்ந்து நான்கு கணவர்களை மணந்தவர். கடலூர்ப் புனித தாவீது கோட்டையின் ஆளுநர் வீட்டுப் பெண் என்பதால் பாதித் தமிழ்நாட்டுக்காரர் என்று நாம் உரிமை கொண்டாடலாம். அவர் இறந்த சில மாதங்களில் அவருடைய பேரன் லிவர்பூல் பிரபு இங்கிலாந்தின் பிரதமர் ஆனார்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். டிசம்பர், ஜனவரி மாதங்களே சரியான காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையும் பாசியும் கொசுவும் சேர்ந்து நிற்கவிடாது. முழுக்கைச் சட்டையும் வழுக்காத செருப்பும் வேண்டும். கல்லறைகளின் மேடைகளில் ஏறிப் படம் எடுக்கும் பழக்கத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது. மரியாதைக் குறைவு என்பது ஒருபுறம் இருக்க, இருநூற்றைம்பது ஆண்டுக் காரை பெயர்ந்து விழும். முழங்கால் வலி உள்ளவர்கள் ஜோன்ஸ், ஸ்டூவர்ட், டெரோசியோ என்ற மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். காலையில் பார்க் தெரு, அங்கிருந்து அதிகத் தொலைவில்லாத அன்னை தெரசாவின் இல்லத்தில் அவருடைய கல்லறை, சாப்பாட்டுக்குப் பிறகு புனித யோவான் ஆலயம் என்று வகுத்துக்கொண்டால் ஒரு நாள் நிறைவாகப் போகும். பேலூர் மடத்தை அதே நாளில் திணிக்க வேண்டாம். ஆற்றைக் கடந்து போய்வருவதற்கே பாதி நாள் பிடிக்கும்.